ஆராய்ச்சிக் கழகமும் பால்வெட்டுத் தொழிலாளரும்

(தோட்டக் கிளையொன்றின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அத்தோட்டத்துக் கிராணியார் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இன்று நான் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவேன் என்று பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். சம்பளப் புத்தகம் எழுதுகிறவன் வேறு எதைப் பேசப் போகிறான்? ஆனால், நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம். “அது படித்தவர்கள் விவகாரம்; வாளி தூக்குகிறவனுக்கு அதில் என்ன வேலை?” என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். நான் பேசப் போவது கடைசியில் உங்கள் வாளிக்கும் உங்கள் சம்பளச் சீட்டுக்கும்தான் வந்து சேரும்.

காலைப் பெரட்டில் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு. “இனிமேல் இப்படித்தான் வெட்ட வேண்டும், ஆராய்ச்சிக் கழகம் சொல்லிவிட்டது” என்பார்கள். அதைக் கேட்டதும் எல்லாரும் வாயடைத்துப் போகிறோம். விஞ்ஞானிகள் சொன்னபிறகு நாம் என்ன சொல்வது என்று கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடுகிறோம். ஆனால் கழகம் உண்மையில் என்ன சொன்னது, எதைச் சொல்லவில்லை என்று நாம் கேட்டதுண்டா?

நான் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். ஆங்கில அறிக்கைகளைப் பக்கத்தில் அகராதி வைத்துக்கொண்டு படிக்கிறவன். அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

கழகம் பிறந்த கதை

பால்மரம் இந்த மண்ணுக்குச் சொந்தமானதன்று. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை இலண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தவை சில ஆயிரமே. 1877-இல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் 9 நாற்றுகள் பேராக்கில் கோலகங்சாரில் நடப்பட்டன.

மரம் வந்துவிட்டது, ஆனால் அதில் பால் எடுக்கும் முறை தெரியவில்லை. அமேசான் காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். அப்படிக் கொத்தினால் பட்டை பாழாகும். சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி என்பவர்தான் 1890-களில் ஒரு வழி கண்டார். பட்டையைச் சாய்வாகச் சீவி, அதே வெட்டின் கீழ் ஓரத்தை மெல்லிசாக மறுபடியும் மறுபடியும் சீவினால் மரம் சாகாது, பாலும் பெருகும், சீவிய பட்டை மீண்டும் வளரும் என்று காட்டினார். சட்டைப் பையில் விதையை வைத்துக்கொண்டு காண்கிற தோட்ட முதலாளிகளிடமெல்லாம் நடச் சொல்லிக் கெஞ்சிய அவரைப் “பைத்தியக்கார ரிட்லி” என்று கேலி செய்தார்கள். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் துணிந்து நட்டார். அதன்பிறகு நடந்தது நம் முன்னோர் கதை. காப்பியும் மிளகும் இருந்த இடமெல்லாம் பால்மரமாயிற்று. அந்த மரத்தை வெட்ட நம் பாட்டன் பாட்டிமார் கப்பல் ஏறி வந்தார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ரிட்லி எந்தக் கம்பெனியின் சம்பளக்காரரும் அல்லர். அவர் இருந்தது பொதுப்பணத்தில் நடந்த ஒரு பொதுத் தோட்டம். இந்த நாட்டின் ரப்பர்த் தொழிலே பொது ஆராய்ச்சியின் மடியில்தான் பிறந்தது.

பிறகு, 1925-ஆம் ஆண்டு சட்டம் இயற்றி மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவினார்கள். கோலாலம்பூரில் அலுவலகமும் ஆய்வுக்கூடமும், சுங்கை பூலோவில் பெரிய சோதனைத் தோட்டமும் அமைந்தன. 1998-இல் அந்தக் கழகமும், ஆராய்ச்சி வளர்ச்சி வாரியமும், விற்பனை உரிம வாரியமும் ஒன்றாக்கப்பட்டு மலேசிய ரப்பர் வாரியம் ஆயின. பெயர் மாறினாலும் தோட்டத்தில் இன்றும் நாம் “ஆராய்ச்சிக் கழகம்” என்றே சொல்கிறோம். நானும் அப்படியே சொல்கிறேன்.

பணம் யாருடையது?

இந்தக் கழகத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பவுண்டு ரப்பர் மீதும் ஒரு சிறு தீர்வை விதித்தார்கள். செஸ் என்று அதற்குப் பெயர். பெரிய தோட்டத்து ரப்பரானாலும் இரண்டு ஏக்கர் சிறுதோட்டக்காரரின் ரப்பரானாலும் செஸ் உண்டு. கணக்கில் அதைக் கட்டுகிறவர் ஏற்றுமதியாளர். ஆனால் அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்புக்கும் கொசுவுக்கும் அஞ்சாமல் மரம் மரமாகச் சென்றவரின் கையிலிருந்து வந்தது. ஆகவே சுங்கை பூலோவின் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாய் ஒவ்வொன்றிலும் நம் பங்கு இருக்கிறது. நாம் அங்கே பிச்சை கேட்டுப் போகிறவர்கள் அல்லர், பங்காளிகள்.

கழகம் செய்த நன்மைகள்

நியாயத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் கழகம் செய்த வேலை சாதாரணமானதன்று.

முதலாவது, மரம். தொடக்க காலத்தில் கண்ட விதையை ஊன்றி வளர்த்த மரங்கள் ஹெக்டருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 500 கிலோ ரப்பர்தான் கொடுத்தன. நல்ல மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக்கட்டி, நல்லதோடு நல்லதைக் கலந்து புதிய ரகங்களை உண்டாக்கினார்கள். 1950-களில் நல்ல ஒட்டுரகங்கள் ஹெக்டருக்கு 1,500 கிலோவைத் தாண்டின.

ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரத்தை உங்களில் வெட்டாதவர் யார்? அதன் ஒரு பெற்றோர் ஜாவாவின் ஜிர் 1. மற்றது பிராங் பெசார் தோட்டத்து பி.பி. 86. அந்தப் பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. இவ்விரண்டையும் கழகத்தார் கலந்தது 1937-இல். இடையில் ஜப்பான்காரன் காலம் வந்து போயிற்று. நாற்று மரமாகி, மரம் பால் கொடுத்து, அந்தப் பாலைப் பல ஆண்டுகள் நிறுத்துப் பார்த்து, பல இடங்களில் நட்டுப் பார்த்து, அது தோட்டங்களுக்குப் பெருவாரியாக வந்து சேர ஏறக்குறைய இருபது ஆண்டுகளாயின. பின்னர் தாய்லாந்தின் தோட்டங்களிலும் அதுவே பரவிற்று.

அவ்வளவு காலம் எந்த முதலாளி காத்திருப்பார்? அடுத்த ஆண்டு இலாபப் பங்கு எவ்வளவு என்று கேட்கும் பங்குதாரர் எவர் பொறுப்பார்? சில பெரிய கம்பெனிகளும் சொந்தமாக ஆராய்ச்சி நடத்தின. நல்ல மரங்களையும் கண்டன. அதை மறுக்கவில்லை. ஆனால் கம்பெனி கண்டது முதலில் கம்பெனிக்குப் பயன்படும். பொதுக் கழகம் கண்டதோ சிறுதோட்டக்காரரின் இரண்டு ஏக்கருக்கும் வந்து சேரும். பொதுக் கழகம் என்ற ஒன்று தேவைப்படுவது இதனால்தான்.

இரண்டாவது, வெட்டு. பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர் செங்குத்தாக நில்லாமல் சற்றுச் சாய்ந்து சுற்றி ஏறுகின்றன. அதனால்தான் இடப்பக்கம் உயர்த்தி வலப்பக்கம் தாழ்த்தி வெட்டச் சொல்கிறார்கள். அப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். விடியுமுன் வெட்டச் சொல்வதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறினால் இலைவழி நீர் ஆவியாகி மரத்தின் உள்ளழுத்தம் குறையும். பால் ஓட்டமும் குறையும். இவையெல்லாம் நம் கைக்குப் பழகிய வேலைகள். கை அறிந்ததற்கு மூளை அறியும் காரணத்தைக் கழகம் கொடுத்தது.

மூன்றாவது, தரம். முன்பெல்லாம் சீட்டு ரப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணால் பார்த்து, ஒன்றாம் தரம் மூன்றாம் தரம் என்று பிரித்தார்கள். வாங்குகிறவன் கண்ணுக்கு என்ன தோன்றுகிறதோ அதுவே விலை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை ரப்பர் பெருகி நம் ரப்பரின் விலையை இடித்தது. தொழிற்சாலை முதலாளி, “செயற்கை ரப்பர் எப்போதும் ஒரே தரத்தில் வருகிறது, உங்கள் ரப்பர் ஒரு மூட்டை ஒரு விதம்” என்றான். அதற்குப் பதிலாக 1965-இல் எஸ்.எம்.ஆர். என்ற தர முறை கொண்டுவரப்பட்டது. அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து, அந்த எண்ணுக்குப் பொறுப்பேற்று, கட்டியாக அழுத்தி விற்கும் முறை அது. இதில் பெரும்பங்கு ஆற்றியவர் டாக்டர் பி. சி. சேகர். இந்நாட்டிலேயே பிறந்த இந்தியர். 1966-இல் கழகத்தின் முதல் ஆசிய இயக்குநரானவர். 1973-இல் மகசேசே விருது பெற்றவர். வெள்ளைக்காரர்தாம் விஞ்ஞானி, நாம் வெட்டுக்காரர் என்றிருந்த எண்ணத்தை உடைத்தவர் அவர்.

நான்காவது, நோய். தென் அமெரிக்காவில் பால்மரத்தின் இலையை எரிக்கும் கொடிய நோய் ஒன்று உண்டு. ஹென்றி ஃபோர்டு என்னும் கார் முதலாளி பிரேசிலில் போட்ட பெருந்தோட்டம் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். நம் மரங்களோ பெரும்பாலும் விக்கம் கொண்டுவந்த விதைகளின் வழிவந்த ஒரே குடும்பம். ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். ஆகவே 1981-இல் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து அமேசான் காட்டுக்குள் சென்று 60,000-க்கு மேற்பட்ட புதிய விதைகளைத் திரட்டினார்கள். அவற்றில் ஒரு பகுதி மலேசியாவுக்கு வந்தது. 2017 முதல் பெஸ்டலோசியாப்சிஸ் என்னும் வேறோர் இலையுதிர் நோய் நம் தோட்டங்களையும் தாக்கி வருகிறது. அதன் எதிரே ஆயுதம் தேடுகிறவர்களும் இந்தக் கழகத்தாரே.

இவ்வளவையும் நான் மனதாரப் பாராட்டுகிறேன். நிற்க.

மரத்தின் கணக்கும் மனிதரின் கணக்கும்

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சிக் கழகம் மரத்தின் கணக்கைச் சொல்லும். மரத்தால் வரும் இலாபத்தை யாருக்கு எவ்வளவு பங்கிட வேண்டும் என்ற கணக்கை அது சொல்லாது. அது அதன் வேலையும் அன்று. அந்தக் கணக்கைப் போட வேண்டியது சங்கம். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? முதல் கணக்கைக் காட்டி நிர்வாகம் இரண்டாம் கணக்கையும் தானே முடித்துவிடும்போது பேசாமல் இருக்கிறோம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எத்திபோன் என்னும் மருந்தை நீங்கள் அறிவீர்கள். பட்டையில் தடவினால் அது உள்ளே எத்திலீன் வாயுவை விடும். பால்குழாயின் வாய் சீக்கிரம் அடைபடாது. பால் நெடுநேரம் சொட்டும். 1960-களின் கடைசியில் கழகத்தார் அதைச் சோதித்தார்கள். அதன்பின் அடிக்கடி வெட்டாமலேயே ஏறக்குறைய அதே ஆண்டு விளைச்சலை எடுக்க வழி பிறந்தது. ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டியது போய், மூன்று நாளுக்கு ஒரு வெட்டு, நான்கு நாளுக்கு ஒரு வெட்டு என்று வந்தது. பட்டை மிச்சமாகும், மரத்தின் ஆயுள் கூடும், வெட்டுக்கு ஆள் கிடைக்காத காலத்தில் தோட்டம் நடக்கும். இவை உண்மையான நன்மைகள்.

இப்போது பென்சிலை எடுங்கள். ஒருவர் ஒரு நாளில் வெட்டும் மரங்களை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்தில் 60 பங்கு இருக்கிறது. ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டினால் தினம் 30 பேர் வேண்டும். மூன்று நாளுக்கொருமுறை என்றால் 20 பேர் போதும். நான்கு நாளுக்கொருமுறை என்றால் 15 பேர். ஆண்டு விளைச்சல் ஏறக்குறைய அதுவே. அஃதாவது, 30 பேர் சுமந்த பாலை 15 பேர் சுமக்கிறார்கள். ஒருவர் தோளில் ஏறும் பால் இரட்டிப்பு. வாளி நிறைந்து இரண்டாம் நடை, மூன்றாம் நடை. பால் நெடுநேரம் சொட்டுவதால் மங்கில் காத்திருக்கும் நேரமும் அதிகம். மிச்சமான 15 பேரின் கூலி எங்கே போயிற்று? மரத்துக்கும் போகவில்லை, ஆராய்ச்சிக் கழகத்துக்கும் போகவில்லை.

மருந்து வேண்டாம், பழைய வெட்டே வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது காற்றைக் கையால் தடுக்கிற கதை. இன்று தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை இருப்பதும் மெய். ஆனால் வெட்டு முறை மாறும்போதே கிலோ விலையும், சுமைக்கூலியும், தூரமும், மருந்து தடவும் நேரத்துக்குக் கூலியும், வேலை குறைகிறவர்களுக்கு மாற்று வேலையும் ஒப்பந்தத்தில் பேசப்பட வேண்டும். மரத்துக்குப் புதிய முறை வந்தால் மனிதனுக்கும் புதிய ஒப்பந்தம் வர வேண்டும்.

பால் ஸ்டோரில் நடப்பது

அடுத்து, டி.ஆர்.சி. என்று நாம் சொல்லும் உலர்ரப்பர் விகிதம். 20 கிலோ பால் கொண்டுவந்தீர்கள். விகிதம் நூற்றுக்கு 35 என்றால் உங்கள் பெயரில் 7 கிலோ ரப்பர். நூற்றுக்கு 30 என்றால் 6 கிலோ. பாலை ஊற்றியவர் நீங்கள். ஒரு கிலோவைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒரு கருவி. எடைக்கேற்பக் கூலியோ அதிகப்படியோ கொடுக்கும் தோட்டங்களில் மாதம் 20 நாளுக்கு 20 கிலோ வித்தியாசம் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் நீர் கலந்து மிதக்க விட்டு விகிதத்தைப் படிக்கிறார்கள். அது விரைவானது, ஆனால் உத்தேசமானது. பாலில் ரப்பரல்லாத பொருள்கள் கூடிக் குறைந்தாலும், நீர் கலக்கும் அளவு பிசகினாலும், வெப்பம் மாறினாலும் எண் மாறும். உறுதியான முறை ஆய்வுக்கூட முறைதான். சிறிதளவு பாலை நிறுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, கழுவி, உலர்த்தி, மறுபடியும் நிறுப்பது. இதில் இரகசியம் ஒன்றுமில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் மருந்து தடவத் தொடங்கிய மாதத்தில் எல்லாருடைய விகிதமும் இறங்கியது. மருந்து தடவினால் பால் நீர்த்துப் போகும், விகிதம் குறையும் என்பது விஞ்ஞானம் அறிந்த விஷயம். ஆனால் அங்கே ஸ்டோரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? “பாலில் தண்ணீர் ஊற்றுகிறார்கள்” என்று சொன்னார்கள். ஓர் அம்மாள் இருபது ஆண்டாக அதே மரங்களை வெட்டியவர். முதல் முறையாகத் திருட்டுப் பட்டம் கேட்டு ஸ்டோர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். மருந்து தடவிய தேதியையும் விகிதம் இறங்கிய தேதியையும் செக்ரோலிலிருந்தும் ஸ்டோர் புத்தகத்திலிருந்தும் எடுத்து, கழகம் வெளியிட்ட குறிப்போடு சேர்த்துக் கிளைச் செயலாளரிடம் கொடுத்தேன். மாதிரிப் பாலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று கிளை கேட்டது. அதன்பிறகு அந்தப் பேச்சு நின்றது. கூச்சல் போட்டிருந்தால் நின்றிருக்குமா? விஞ்ஞானத்தை அவர்கள் பக்கம் மட்டும் சாட்சி சொல்ல விடக்கூடாது, தோழர்களே. அது நம் பக்கமும் சாட்சி சொல்லும். கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

காய்ந்த மரம் யார் குற்றம்?

இன்னொன்று. மரம் காய்ந்துபோனால், வெட்டு ஓடியும் பால் வராவிட்டால், பழி யார் தலையில் விழுகிறது? “ஆழமாக வெட்டிவிட்டான்” என்பார்கள். இரண்டு விஷயங்கள் இங்கே குழம்பிக் கிடக்கின்றன. கத்தி ஆழம் போய் மரத்தைத் தொட்டால் காயம் உண்டாகும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அது வெட்டுக்காரரின் கைப்பிழை. அதை மறுக்க வேண்டாம். ஆனால் வெட்டுமுகம் காய்ந்துபோவது வேறு. அளவுக்கு மீறி அடிக்கடி வெட்டுவதாலும், மருந்தை அளவுக்கு மீறித் தடவுவதாலும் பால்குழாய்கள் களைத்துப் போகின்றன. சில ரகங்களுக்கு அந்தப் பலவீனம் பிறவியிலேயே அதிகம். எத்தனை நாளுக்கு ஒரு வெட்டு, எத்தனை முறை மருந்து, எந்த ரகம் என்பவற்றை முடிவு செய்கிறவர் வெட்டுக்காரரா? உத்தரவு போட்டவர் ஒருவர், பழி சுமப்பவர் ஒருவர் என்றிருக்கக் கூடாது. காயம் வேறு, காய்ச்சல் வேறு என்று ஒவ்வொரு தொழிலாளியும் மரத்தைக் காட்டிச் சொல்லத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கழகம் பொதுவாக இருக்க வேண்டும்

இந்தக் கழகத்தை நாம் நமதென்று காக்கவும் வேண்டும். 1988-இல் இந்நாடு 16 இலட்சம் டன்னுக்கு மேல் இயற்கை ரப்பர் விளைவித்தது, உலகில் முதலிடம். 2023-இல் விளைந்தது சுமார் மூன்றரை இலட்சம் டன். தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, வீடமைப்புத் திட்டங்களாயின. இன்று இந்நாட்டு ரப்பரில் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர் விளைவிப்பது. உலகத்துக்குக் கையுறை செய்து கொடுக்கும் நாம், அதற்கான பாலை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம்.

சுங்கை பூலோவின் பழைய சோதனைத் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். அதில் சுமார் 2,330 ஏக்கரில் இன்று குவாசா டமன்சாரா என்ற புதுநகரம் எழும்புகிறது. அதை எழுப்புவது ஊழியர் சேமநிதி வாரியத்தின் துணைநிறுவனம். 1951-இல் தொடங்கிய அந்தச் சேமநிதியில் நம் பெற்றோரின் பணமும் நம் பணமும் இருக்கிறது. நம் செஸ்ஸில் வளர்ந்த காட்டை நம் சேமநிதி வீடாக்குகிறது! அதனால் சேமநிதிக்கு இலாபம் வந்தால் நமக்கும் நல்லதுதான். நான் கேட்பது ஒன்றே. நிலம் போகலாம், ஆராய்ச்சி போகக்கூடாது. ஒரு ரகம் உருவாக இருபது முப்பது ஆண்டுகள் வேண்டும். இன்று நிறுத்தினால் நம் பிள்ளைகள் காலத்தில்தான் அதன் நட்டம் தெரியும். அப்போது அழுது பயனில்லை.

ஆராய்ச்சியின் திசையையும் நாம் கேட்க வேண்டும். ஒரு மரத்தில் எத்தனை கிராம் கூடுதல் என்று அளக்கிறார்கள்; நல்லது. வாளி சுமக்கும் முதுகெலும்பை அளந்தார்களா? மருந்து தடவும் பெண்ணின் கையை, கண்ணைப் பார்த்தார்களா? இயந்திரக் கத்திகளும் தானியங்கி வெட்டுக் கருவிகளும் சோதனைக்கு வந்துவிட்டன. அவற்றைச் செய்யும்போதே, பிடிக்கப் போகிறவர் கையில் கொடுத்துக் கருத்துக் கேட்கட்டும். பொதுப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி பொதுமக்களின் உடம்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மொழி விஷயமும் உண்டு. இன்று நம் அருகே வெட்டுகிறவர் வங்காளதேசத்தவராக இருக்கிறார், இந்தோனேசியராக இருக்கிறார். ஒருகாலத்தில் நம் பாட்டன் வந்ததுபோல் வந்தவர். அவரும் புரிந்துகொள்ளும் மொழியில் வெட்டுக் குறிப்புகள் பெரட்டுக் களத்தில் தொங்க வேண்டும். அறிவு ஆங்கிலம் தெரிந்தவர் மேசையில் மட்டும் கிடந்தால், கீழே உத்தரவு மட்டுமே வந்து சேரும்.

நாம் செய்ய வேண்டியவை

இந்தக் கிளையின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று: புதிய வெட்டு முறையோ மருந்தோ வரும்போது, “கழகம் சொன்னது” என்றால், “அந்தக் குறிப்பின் நகலைக் கொடுங்கள்” என்று கிளை எழுத்துமூலம் கேட்க வேண்டும். எந்த ரகத்துக்கு, எந்த வயது மரத்துக்கு, ஆண்டுக்கு எத்தனை முறை என்று அதில் பார்க்க வேண்டும்.

இரண்டு: மருந்து தடவும் தேதி, வெட்டு நாள், மழை நாள், ஒவ்வொருவரின் பால் எடை, விகிதம் ஆகியவற்றை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் கிளையிலேயே இருக்க வேண்டும். நிர்வாகத்தின் புத்தகம் நிர்வாகத்தினுடையது. நம் புத்தகம் நம்முடையது. பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகளே இதை எழுதலாம்.

மூன்று: ஆண்டுக்கு ஒருமுறை ரப்பர் வாரியத்தின் அதிகாரி ஒருவரைக் கிளைக்கு அழைக்க வேண்டும். மரத்தடியிலேயே நின்று கேள்வி கேட்போம். அவருக்கும் நம்மிடம் கற்க நிறைய இருக்கிறது. மழைக்காலத்தில் எந்த மரம் எப்படி நடந்துகொள்கிறது என்று அதைத் தினமும் தொட்டுப் பார்க்கிறவருக்குத் தெரியாதா?

நான்கு: அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில், வெட்டு முறை மாற்றத்துக்கெனத் தனி ஷரத்து வேண்டும் என்று இந்தக் கூட்டம் தலைமையகத்துக்குத் தீர்மானம் அனுப்ப வேண்டும். 2025-இல் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. அது ஒரு தரை. தரை கிடைத்தது என்று கூரையை மறந்துவிடக் கூடாது. விளைச்சல் கூடினால் அந்தக் கூடுதலில் நமக்கும் பங்கு வேண்டும்.

நான் கிராணி. என் சங்கம் வேறு, உங்கள் சங்கம் வேறு. மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவன் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் மரம் காய்ந்தால் என் மேசையும் காயும். பால் ஓடினால்தான் என் பேனாவும் ஓடும். எழுத்தறிந்தவன் எழுத்தைத் தொழிலாளியிடம் சேர்க்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்த எழுத்தால் யாருக்கு என்ன பயன்?

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்பது பழமொழி. கணக்குப் பார்க்காமல் இருந்தவர்களுக்கும் இந்த நாட்டில் உழக்கு மிஞ்சவில்லை. ஆகவே கணக்குப் பார்ப்போம். நூறாண்டாக நாம் சுமந்த வாளியில் வளர்ந்த ஆராய்ச்சிக் கழகம் மரத்தின் கணக்கைத் தொடர்ந்து செம்மையாகச் சொல்லட்டும். மனிதரின் கணக்கை நாம் ஒன்றுபட்டு நின்று சொல்வோம்.

நான்கு யோசனைகளையும் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு தலைவர் அவர்களை வேண்டுகிறேன்.